ஏற்காட்டில் வளர்ந்த ஒன்றரை அங்குலம்

"நிமிந்து நில்லுங்க சார். மூச்ச இழுத்துப் புடிச்சா ஒசரம் கூடிராதுங்க" என்றார் எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் ராசம்மா.

என்னோடு ஆராய்ச்சி செய்யும் கதிரேசன் சுவரோடு முதுகை ஒட்டி நின்றார். ராசம்மா ஒரு முக்காலியில் ஏறி, பிள்ளைகள் பரீட்சைக்குக் கொண்டுபோகும் அட்டையை அவர் தலைமேல் படுக்கவைத்தார். சுவரில் கறுப்புப் பெயின்ட்டால் போட்டிருந்த பழைய கோடுகளைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அஞ்சடி நாலரை இஞ்சுங்க."

கதிரேசன் என் பக்கம் திரும்பினார். அவர் டாக்டர் பட்டம் வாங்கிய நாளில் நான் கூட இருந்தேன். அன்றைக்குக்கூட அந்த முகத்தில் இவ்வளவு வெளிச்சம் இல்லை.

"காலேஜ்ல சேர்ந்த நாள்லேருந்து என்னை அஞ்சடி மூணுன்னே சொல்லிட்டிருக்காங்க மேடம்" என்றார். "பாருங்க, நல்லா அளந்தா எவ்வளவு வித்தியாசம்!"

"மலைக்காத்து உங்களுக்கு ஒத்துக்குது" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அப்போதே கொஞ்சம் யோசித்திருந்தால் பின்னால் வந்த அவமானம் மிச்சமாகியிருக்கும். ஆனால் அடுத்து நான் போய் நின்றேன். எனக்கும் ஒன்றரை அங்குலம் கூடியிருந்தது. சந்தோஷப்படுகிறவர்கள் யோசிப்பதில்லை.

சென்ற வாரம் இதே பக்கத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடி ஆற்றில் போன கதையை எழுதியதற்கே கதிரேசன் போன் செய்து வருத்தப்பட்டார். இந்த வாரம் போனை அணைத்துவைக்கலாம் என்றிருக்கிறேன்.

பங்குச்சந்தை தெரியாத பொருளாதாரம்

பொருளாதாரப் பேராசிரியை என்று சொன்னால் கல்யாண வீடுகளில் என்னை ஓரமாக அழைத்துப்போய், எந்தக் கம்பெனிப் பங்கு ஏறும் என்று கேட்பார்கள். எனக்குத் தெரியாது. நானும் கதிரேசனும் பார்ப்பது வேறு. யார் எந்த ஊருக்கு வேலை தேடிப் போகிறார்கள், போன இடத்தில் உடம்பு என்ன ஆகிறது, தாத்தா காலத்தில் ஊரில் நடந்த ஒன்று பேரன் காலத்தில் எங்கே போய் முட்டுகிறது. இவைதான் எங்கள் பிழைப்பு.

இதற்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்போம். எங்கள் கேள்வித்தாளில் "குடும்பம் என்பது ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுவோர்" என்று அழகாக எழுதியிருக்கும். வெள்ளக்கடை என்ற மலைக்கிராமத்தில் ஒரு பெண் அதைக் கேட்டுவிட்டுச் சமையலறையைக் காட்டினாள்.

"அடுப்பு ஒன்னுதானுங்க. பர்னரு ரெண்டு. எங்க அத்தை இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். பேசி மூணு மாசமாச்சு. எத்தன குடும்பம்னு நீங்களே போட்டுக்குங்க."

கதிரேசன் அந்த வீட்டுக்கு ஒன்றரை என்று போட்டார். அவருக்கும் ஒன்றரைக்கும் ஏதோ ஒரு பந்தம் அப்போதே இருந்திருக்கிறது.

அதற்கும் முந்தைய வருஷம் நாங்கள் செய்த கூத்து இதைவிடப் பெரியது. எங்களுக்கு விடுமுறை கோடையில்தான். ஆகவே ஆட்களைத் திரட்டிக்கொண்டு கோடையில் மலையேறினோம். கடந்த ஏழு நாளில் வீட்டை விட்டு வெளியூரில் தங்கியவர் யார் என்று கேட்டோம். ஒருவரும் இல்லை. திருப்பூருக்கும் கேரளத்துக்கும் ஆட்கள் போவதாகச் சொல்வதெல்லாம் வெறும் பேச்சு, மலையை விட்டு யாருமே போகவில்லை என்று கதிரேசன் பரபரப்பாகக் குறித்துக்கொண்டார்.

அது சேர்வராயன் கோயில் திருவிழா வாரம். வெளியூரில் இருந்த அத்தனை பேரும் சாமி கும்பிட வந்திருந்தார்கள். ஊரே பலகாரம் கொடுத்து எங்களை உபசரித்தது. நாங்களும் தின்றுகொண்டே எழுதினோம். ஏன் எல்லா வீட்டிலும் பலகாரம் என்று ஒரு கேள்வி எங்கள் தாளில் இல்லை.

அதே சுவர், அதே கோடு

இந்த முறை தை மாதம் ஒரு காப்பி எஸ்டேட்டுக்குப் போனோம். காப்பிப் பழம் பறிக்கும் பருவம். சதை நீக்கிய காப்பிக்கொட்டை புளிக்கும் வாடை எஸ்டேட் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. சில்வர் ஓக் மரங்களின் நடுவே பத்து மணி வரைக்கும் பனி விலகாது.

நான் முதலில் சொன்ன ஆஸ்பத்திரி அந்த எஸ்டேட்டில்தான் இருக்கிறது. பெயர்தான் ஆஸ்பத்திரி. இரண்டு அறை, ஒரு கட்டில், ஒரு மருந்து அலமாரி, குழந்தையை எடை போடும் தராசு ஒன்று. வாரம் ஒருமுறை டவுனிலிருந்து ஒரு டாக்டர் வருவார். மற்ற நாளெல்லாம் ராசம்மாதான். காய்ச்சல், சீதபேதி, அட்டைக்கடி, பிரஷர் மாத்திரை, பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லாம் அவர் பொறுப்பு. இருபது வருஷத்துக்கும் மேலாக அங்கே இருக்கிறார்.

எஸ்டேட்டின் இப்போதைய முதலாளி முப்பது வயதைத் தாண்டிய பையன். பெங்களூரில் இருப்பவர். நல்ல மாதிரிதான். ஆனால் அந்தக் கட்டடத்தின் ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். அதைப் பார்த்துவிட்ட யாரோ, இரண்டு அறையையும் இடித்து ஒரு காட்டேஜ் கட்டினால் வார இறுதிக்கு ஆட்கள் க்யூவில் நிற்பார்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வந்து அறையை அளந்துகொண்டுகூடப் போயிருந்தார்.

"இந்த ஆஸ்பத்திரியால ஜனங்களுக்கு ஏதாவது நடந்திருக்குன்னு உங்க ஆராய்ச்சியில வந்தா நான் கை வைக்கல" என்று முதலாளி எங்களிடம் சொல்லியிருந்தார். "சும்மா இருக்கட்டும், இருக்கட்டும்னு சொன்னா எனக்குப் பத்தாது மேடம்."

ஆக, ராசம்மாவின் வேலையும், தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டுப் பெண்கள் ராத்திரி பகல் பாராமல் ஓடிவரும் அந்தக் கதவும் எங்கள் தலையில் வந்து உட்கார்ந்தன.

எங்களுக்கு அப்போது பெரிய நம்பிக்கை இருந்தது. சின்ன வயதில் அடிக்கடி நோயில் விழுந்த பிள்ளை வளர வேண்டிய அளவுக்கு வளராது. ஆகவே பெரியவர்களின் உயரத்தை அளந்தால், அவர்கள் பிள்ளையாக இருந்தபோது எப்படிப் பார்த்துக்கொள்ளப்பட்டார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். அந்த ஆஸ்பத்திரியில் தாத்தா காலத்து ஆட்களின் உயரம் எழுதிய பழைய நோட்டுகள் இருந்தன. எல்லாம் அந்தச் சுவர்க் கோட்டில் பார்த்து எழுதியவை.

எங்களிடம் புத்தம்புதிய அளவுக்குச்சி ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரி இல்லாத பக்கத்து ஊரான கிளியூரில் அதை வைத்துத்தான் அளந்தோம். எஸ்டேட்டிலும் அதையே எடுத்தபோது கதிரேசன் தடுத்தார்.

"பழைய அளவோட ஒப்பிடணும்னா அதே சுவர், அதே கோடு. கருவி மாறினா ஒப்பீடு கெட்டுப்போகும்" என்றார். அவருக்கு ஒப்பீடு கெடுவது என்றால் பால் கெடுவதைவிட மோசம்.

"அந்தக் கோடுங்களா சார்? குச்சியே நல்லா இருக்குதுங்களே" என்றார் ராசம்மா.

"அதே கோடுதாம்மா வேணும்."

ராசம்மா முக்காலியை எடுத்துப் போட்டார்.

சுத்தமான முடிவு

முடிவு வந்தபோது விடுதி அறையில் கதிரேசன் நாற்காலியில் உட்காரவே இல்லை. எஸ்டேட் லைனில் பிறந்தவர்கள் தங்கள் தாத்தா பாட்டிகளைவிட ஒன்றரை அங்குலம் உயரம். கிளியூர்க்காரர்களைவிடவும் ஒன்றரை அங்குலம் உயரம். ஆண் என்றாலும் பெண் என்றாலும் அதே ஒன்றரை. இருபது வயது, அறுபது வயது, எங்கே வெட்டிப் பார்த்தாலும் அதே ஒன்றரை.

"இவ்வளவு சுத்தமான முடிவை என் வாழ்க்கையில பார்த்ததில்ல மேடம்!"

நானும் பார்த்ததில்லை. மனிதர்கள் சம்பந்தப்பட்ட எதுவும் அவ்வளவு சுத்தமாக வராது என்று வகுப்பில் வருஷாவருஷம் சொல்லிக்கொடுப்பவள் நான். அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை. ராசம்மாவிடம் ஓடிப்போய், "உங்க ஆஸ்பத்திரி ஜனங்களை வளர்த்திருக்கு" என்று சொன்னேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அப்ப காட்டேஜு கட்ட மாட்டாங்களாங்க?" என்று மட்டும் கேட்டார். மாட்டார்கள் என்றேன். சத்தியம் செய்யாத குறை.

வெள்ளிக்கிழமை முதலாளி வருவதாக ஏற்பாடு.

நூர்ஜஹான் வளர்வதும் குறைவதும்

புதன்கிழமை மாலை நூர்ஜஹானோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனவள் அவள்தான். அவளுடைய அத்தா டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். பொருளாதாரம் படித்த பெண். வாய் கொஞ்சம் துடுக்கு.

"மேம், ஒரு விசயம் சொன்னா சிரிக்கக் கூடாதுங்க" என்றாள். "பொம்பளைங்க அளக்க வெக்கப்படறாங்கன்னு மொதல்ல நானே நின்னு காட்டுவேன். கிளியூர்ல நின்னா அஞ்சடிதான் இருக்கேன். எஸ்டேட்டுக்கு வந்தா ஒன்றரை இஞ்சு வளந்துடறேன். திரும்பக் கிளியூர் போனா பழையபடி குட்டையாயிடறேன். எங்கம்மா கிட்டச் சொன்னா, எஸ்டேட்டுலயே மாப்பிள்ள பாக்கலாங்கறாங்க."

நான் சிரிக்கவில்லை. டீயைக் கீழே வைத்தேனா, கொட்டினேனா என்று தெரியாது.

தையற்கடை டேப் ஒன்றை வாங்கி, கதிரேசனையும் அழைத்துக்கொண்டு மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தரையிலிருந்து சுவரின் ஐந்தடிக் கோடு வரைக்கும் அளந்தோம். நாலடி பத்தரை அங்குலம். திரும்பவும் அளந்தோம். கதிரேசன் டேப்பைக் குறை சொல்லிப் பார்த்தார். டேப் சரியாகத்தான் இருந்தது. ஒன்றரை அங்குலத்தை யாரோ தரைக்கடியில் தின்றிருந்தார்கள்.

"ஏனுங்க, தரைய ஒசத்துனோமுங்களே" என்றார் ராசம்மா. "பதினஞ்சு வருசமிருக்கும். மழ பேஞ்சா மேட்டுப் பக்கமிருந்து தண்ணி கசிஞ்சு உள்ளாற வந்துரும். நொம்ப சிரமமுங்க."

"இதை ஏங்க முதல்லயே சொல்லல?" கதிரேசனின் குரல் உடைந்திருந்தது.

"ஒவ்வொருத்தரு ஊட்டுக்கும் போயித் தரை மண்ணா சிமெண்டான்னு கேட்டீங்க. ஆஸ்பத்திரித் தரைய ஆருங்க கேட்டீங்க? குச்சியே இருக்குதுங்களேன்னு சொன்னேன். அதே கோடுதான் வேணும்னீங்க."

ஒன்றரையைக் கழித்துப் பார்த்தோம். எஸ்டேட்காரர்களும் கிளியூர்க்காரர்களும் ஒரே உயரம். தாத்தாக்களும் பேரன்களும் ஒரே உயரம். கதிரேசன் ஐந்தடி மூன்று.

ராசம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "அப்ப ஆஸ்பத்திரி போயிருமுங்களா?" என்றார். கேட்டுவிட்டு, துணியை எடுத்து ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையைத் துடைக்க ஆரம்பித்தார்.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொல்லாமல் விட்டால் என்ன என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை இங்கே ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். தரையால் அளவு தவறியது எங்கள் நாலு பேருக்குத்தான் தெரியும். ஒரு ஒன்றரை அங்குலப் பொய், அதனால் ஒரு கட்டடம் பிழைக்கும். கதிரேசன்கூட, "இது முதற்கட்ட முடிவுதான்னு சொல்லிட்டு வந்துடலாமா?" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்ததே பெரிய விஷயம்.

ராசம்மா துணியை மடித்து வைத்தார். "நெசத்தயே சொல்லிப்போடுங்க மேடம். நாளைக்கு இன்னொருத்தரு டேப்பக் கொண்டாந்தா நாமதானுங்க தல குனியோணும்."

வெள்ளிக்கிழமை

முதலாளி போன் பேசிக்கொண்டே வந்தார். வாசலில் எல்லாருடைய செருப்பும் வரிசையாகக் கிடந்தது. அவர் கவனிக்காமல் ஷூவோடு உள்ளே வந்துவிட்டார். ராசம்மாவின் கண் அந்த ஷூவுக்குப் போய்த் திரும்பியதை நான் பார்த்தேன்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கோடு, தரை, நூர்ஜஹான், டேப் எல்லாம். முதலாளி முதலில் வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்க வேண்டிய விஷயம்தான். பிறகு கேட்டார்.

"அப்ப யாரும் வளரல. சரி மேடம், இத்தனை வருஷமா இந்த ஆஸ்பத்திரி என்னதான் பண்ணிச்சு?"

நான் கதிரேசனைப் பார்த்தேன். கதிரேசன் சுவரைப் பார்த்தார். இருபத்தைந்து வருஷம் ஆரோக்கியத்தைப் பற்றி எழுதியவர்கள் நாங்கள்.

ராசம்மாதான் பேசினார். "ஆளுக வளரலீங்க. ஆனா தரைய நாங்கதானுங்க வளத்துனோம்."

"தரையா? அது எஸ்டேட்ல போட்டுக் குடுத்தது இல்லையா?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தரையை யார் உயர்த்தினார்கள் என்பதும் நான் கேட்காத கேள்விதான்.

"இல்லீங்க. ஆபீசுல மூணு மழைக்குச் சொல்லிப் பாத்தோமுங்க. அடுத்த வருசம் பாக்கலாம்னாங்க. அந்த ஐப்பசியில ஒரு புள்ளைக்கு இங்கயே வலி எடுத்து, ஈரத்துலதான் கொழந்த பொறந்துச்சு. கட்டில்ல வேற ஒரு அம்மாவுக்குக் குளுகோஸ் ஏறிக்கிட்டிருந்துச்சுங்க. அன்னைக்கே லைன்ல பேசிக்கிட்டாங்க. மாசியில ரெண்டு ஞாயித்துக்கெழம. ஆம்பளைங்க ஓடையிலிருந்து மணலும் கல்லும் தலையிலயே தூக்குனாங்க. கோயில் வேலைக்கு வாங்கி மிஞ்சுன சிமெண்டு. மொளவு பறிக்கக் கேரளா போயிருந்தவங்க மூணு நா முன்னாடியே வேலைய வுட்டுப்போட்டு வந்தாங்க. வாரத்துல அந்த ஒரு நாதானுங்க அவங்களுக்கு லீவு. ஒருத்தருமே வராம இருக்கல."

கதிரேசன் திடீரென்று என் கையைத் தட்டினார். நோட்டைத் திறந்துவிட்டார். "கேரளாவுலேருந்து மூணு நாள் முன்னாடியா? எத்தனை பேர்? மேடம், நாம கேட்டிருக்க வேண்டியது இதைத்தான்! ஜனங்களுக்கு எது வேணும்னு வாயால கேக்காதே, அதுக்காக எதை விட்டுக் குடுத்தாங்கன்னு பாருன்னு வருஷாவருஷம் பாடம் எடுக்கறோம். இதோ, அதும்மேலயே மூணு வாரமா நின்னுட்டிருந்திருக்கோம்!"

நான் என் காலைப் பார்த்தேன். சாதாரண சிமெண்ட் தரை. ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. பழகாத கை போட்டது என்று இப்போது தெரிந்தது.

முதலாளி வெளியே போனார். காருக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். ராசம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அவர் கை மறுபடியும் துணியைத் தேடியது.

முதலாளி வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸையும் கழற்றி அதற்குள் திணித்தார். எல்லாருடைய செருப்புக்கும் பக்கத்தில் வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார். தரை சில்லென்று இருந்திருக்கும், ஒரு கணம் விரலை மடக்கிக்கொண்டார். பிறகு போய்ச் சுவரோடு முதுகை ஒட்டி நின்றார்.

"என்னையும் அளங்கக்கா."

ராசம்மா முக்காலியில் ஏறினார். பரீட்சை அட்டையைத் தலைமேல் வைத்தார்.

"அஞ்சடி ஒம்போதுங்க. ஒன்றரைய அதுல கழிச்சுக்கோணும்."

"கழிக்க வேண்டாம்" என்றார் அவர். "அப்படியே எழுதுங்க. அடுத்த வருஷமும் வருவேன், அப்பவும் இதே தரையில நீங்கதான் அளக்கணும்."

நூர்ஜஹான் மூக்கை உறிஞ்சினாள். ராசம்மா முக்காலியிலிருந்து இறங்காமலேயே நின்றுகொண்டிருந்தார்.

கதிரேசன்தான் தொண்டையைச் செருமினார். "அப்ப என்னோடதும் நாலரைன்னே இருக்கட்டுமா?"

"உங்குளுத மட்டும் கழிச்சே போடோணும் சார்" என்றார் ராசம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நீங்க ஆராய்ச்சிக்காரரு."